உத்திரமேரூர்ச் சாலைகளும் வண்டியேறிய கைப்பேசியும்

உத்திரமேரூரிலிருந்து நான்கு திசைகளிலும் சாலைகள் பிரிகின்றன. வடக்கே செல்வது காஞ்சிபுரத்திற்கு, தென்மேற்கே வந்தவாசிக்கு, தென்கிழக்கே மதுராந்தகத்திற்கு, கிழக்கே சாலவாக்கத்தைக் கடந்து செங்கற்பட்டிற்கு. விடியற்காலையில் பேருந்து நிலையத்தருகே சற்று நேரம் நின்று நோக்குவார்க்கு, இவ்வட்டாரத்தின் வாழ்க்கை முழுவதும் இரண்டு சக்கரங்களின் மேல் ஏறிப் போவதாகவே தோன்றும். பின்னிருக்கையின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர். வாழையிலைக் கட்டோடு ஒருவர். பிள்ளைகள் இருவரை முன்னும் பின்னும் அமர்த்திக்கொண்டு ஒரு தந்தையார். ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் முதல் ஷிப்டு வேலைக்கு விரையும் இளைஞர் பலர்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இக்காட்சியில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது. வண்டியின் நெற்றியில், வேகங்காட்டும் முள்ளுக்குச் சற்று மேலே, உள்ளங்கையளவு கண்ணாடி ஒன்று ஒளிர்கிறது. கைப்பேசி வண்டி ஏறிவிட்டது.

இதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. 2017 டிசம்பரில் கூகுள் நிறுவனம் தன் வழிகாட்டும் வரைபடத்தில் இருசக்கர வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை இந்தியாவில் தொடங்கியது. கார் நுழையாத சந்துகளையும் குறுக்குவழிகளையும் கணக்கில் கொண்டு அது வழி சொல்லும். பார்சல் கொண்டு செல்லும் இளைஞருக்கு இது சோறு போடும் கருவி. அவர் சுமக்கும் பொட்டலங்களின் மேல் எழுதப்பட்ட முகவரிகளைக் காண வேண்டுமே! 'மேட்டுத் தெரு, அம்மன் கோயில் எதிரில்' என்றிருக்கும். கதவு எண் இராது. இருந்தாலும் பழைய எண்ணா புதிய எண்ணா என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது வீடுகளை இவ்வாறு தேடிச் செல்பவர் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திச் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போதாது.

'வாயிருந்தால் வங்காளம் போகலாம்' என்றனர் நம் முன்னோர். இவ்வட்டாரத்து வழிகளை நான் கற்றதும் வாயினால்தான். வழி கேட்டால் இங்குள்ளோர் கிலோமீட்டர்க் கணக்குச் சொல்வதில்லை. "ரெட்டைப் பனைமரம் வரும் ஐயா, அங்கே சோத்துக்கைப் பக்கம் திரும்பி ஏரிக்கரையோடவே போங்க" என்பார்கள். அந்தச் சொல்லை நம்பிப் போய் ஊர் சேராமல் நான் திரும்பியதில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குமேல் ஏரிக்கரையில் யாரை வாய்திறந்து கேட்பது? இரட்டைப் பனையும் இருளில் ஒற்றைப் பனையாகவே தெரியும்.

வழிகளைப் பேணுவதில் இவ்வூருக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை அறியாதார் இலர். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து ஊராள்வோரைத் தேர்ந்தெடுத்த முறை அங்கே விரிவாகக் கூறப்பட்டுள்ளது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று பணிகளைப் பிரித்து நடத்தினர். சோழர்காலச் சபைகளில் பாதைகளைக் கவனிக்கத் தடிவழி வாரியம் என்றே ஒன்று இருந்ததாக வரலாற்றறிஞர் குறிப்பிடுவர். இன்றைய சாலைகளின் நிலையைக் காணுங்கால், அந்த வாரியத்தார் எங்கே போயினர் என்று கேட்கத் தோன்றுகிறது.

எப்படிப்பட்ட சாலைகள் இவை? சாலவாக்கத்திலிருந்து திருமுக்கூடல் செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். இருமருங்கும் கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் உள்ள வட்டாரம் இது. மதூர், அரும்புலியூர்ப் பக்கத்திலிருந்து பாரம் ஏற்றிய டிப்பர் லாரிகள் இடைவிடாது போகின்றன. தார் பெயர்ந்து குழியாகும்; குழியில் ஜல்லி சிதறும்; அதன்மேல் வெண்புழுதி படிந்து எது குழி, எது தரை என்று தெரியாதபடி மூடிவிடும். ஊர் எல்லைகளில் வேகத்தடைகள் உண்டு. அவற்றுட் பல வெள்ளைக் கோடு அழிந்து சாலையின் நிறத்திலேயே கிடக்கின்றன. கைப்பேசியை வண்டியில் பொருத்துவோர் பட்டணத்துத் தார்ச்சாலையை மனத்திற்கொண்டு பொருத்தினால் போதாது. இச்சாலையில் அது நிற்குமா என்பதே கேள்வி.

இச்சாலையில் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னே ஓர் இளைஞர் சென்றுகொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் மலிவான பிளாஸ்டிக் ஹோல்டர் ஒன்றில் அவர் கைப்பேசி செருகப்பட்டிருந்தது. ஒரு வேகத்தடையின் மேல் வண்டி துள்ளியது. ஹோல்டரின் ஒரு பக்கத் தாடை முறிந்தது. கைப்பேசி பறந்து சாலையின் நடுவே விழுந்தது. வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு அவர் அதை எடுக்க ஓடினார். எதிரே டிப்பர் லாரி. ஓட்டுநர் வல்லவர், பிரேக்கை அழுத்தி ஒடித்து நிறுத்தினார். புழுதி அடங்கியபோது அந்த இளைஞர் கைப்பேசியைத் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கி நின்றார். "இன்னும் எட்டு மாசத் தவணை பாக்கி இருக்குங்க" என்பதே அவர் சொன்ன முதற் சொல். லாரி ஓட்டுநரின் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே எழுதுவதற்கில்லை. எனினும் அவற்றில் நியாயம் இருந்தது.

அந்த இளைஞரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குரிய அடையாள எண், வங்கிக் கணக்கு, சம்பளச் செய்தி, வீட்டாரின் படங்கள் ஆகிய அனைத்தும் அந்தக் கண்ணாடித் துண்டுக்குள் இருக்கின்றன. விழுந்தால் ஓடத்தான் செய்வார். ஆகவே அது விழாமற் செய்வதே வழி.

ஹோல்டரை வெறுத்து வேறு வகைகளில் கைப்பேசியைச் சுமப்பவரும் உளர். ஒரு கையில் பிடித்து மறு கையால் ஓட்டுகிறார் ஒருவர். பெட்ரோல் டேங்கின் மேல் ரப்பர் வளையத்தால் கட்டிவைத்து, மார்பில் தாடை படும்படி குனிந்து பார்க்கிறார் மற்றொருவர். தலைக்கவசத்திற்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு பேசியபடியே செல்வோர் மிகப் பலர். தலைக்கவசம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை இவர்கள் தம் வசதிக்கேற்ப மாற்றி விளங்கிக்கொண்டார்கள் போலும். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகமாயின் ஏறக்குறைய 17 மீட்டர். டேங்கின் மேலுள்ள கைப்பேசியைக் குனிந்து பார்த்து நிமிர இரண்டு நொடி ஆகுமென்றால், அவர் 33 மீட்டர் தூரத்தைக் கண்மூடிக் கடந்தவராகிறார். மாடு குறுக்கே வருவதற்கு அத்தனை மீட்டர் வேண்டியதில்லை.

சட்டமும் இதைக் கண்டிக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி, ஓட்டும்போது கைப்பேசியைக் கையிற் பிடித்துப் பயன்படுத்துவது அபாயகரமாக ஓட்டுதல் என்னும் குற்றத்தில் அடங்கும். முதன்முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மைய மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி காண்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனத்தைக் குலைக்காத வகையில், கைப்பேசியைப் பயன்படுத்த இடமளிக்கிறது. வழி காணலாம், படம் காணலாகாது. ஹோல்டரில் வைத்துத் திரைப்படப் பாட்டு பார்த்துக்கொண்டே செல்வோரை இச்சாலைகளில் நான் கண்டிருக்கிறேன்.

என் 100 சி.சி. வண்டியில் ஹோல்டர் பொருத்த உத்திரமேரூரில் ஒரு மெக்கானிக்கை நாடினேன். முப்பதாண்டுகளாக வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் கைகள் அவருடையவை. கடையில் தொங்கிய ஹோல்டர்களில் எதை வாங்கலாம் என்று கேட்டேன். ஸ்பிரிங் மட்டும் வைத்து இரு பக்கமும் கவ்வும் பிளாஸ்டிக் வகையை எடுத்து விரலால் வளைத்துக் காட்டினார். வெயிலில் ஓராண்டு நின்றால் அது சுள்ளிபோல் ஒடியும் என்றார். காந்தத்தால் மட்டும் பிடிப்பது, ரப்பர்க் கிண்ணத்தால் உறிஞ்சிப் பிடிப்பது ஆகிய இரண்டும் காரின் முகப்புப் பலகைக்கு ஏற்றவை. மோட்டார் சைக்கிளுக்கு ஆகா. உலோகத்தாலான அடித்தளமும், கைப்பேசியின் நான்கு மூலைகளையும் கவ்வும் நான்கு நகங்களும், பின்னால் திருகி இறுக்கும் பூட்டும் உடைய வகையை அவர் தேர்ந்தெடுத்தார். "புடிக்கிறது பெருசில்ல ஐயா. புடிச்சது திரும்பாம இருக்கணும்" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் அவர் பொருத்தும்போது விளங்கிற்று. நம் நாட்டு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஹேண்டில்பாரின் தடிமன் 22 மில்லிமீட்டர். சில பெரிய வண்டிகளில் நடுப்பகுதி 28 மில்லிமீட்டர் வரை பருத்திருக்கும். ஹோல்டரின் கிளாம்ப் எந்த அளவிற்குச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் வாங்கினால், இறுக்க இறுக்க அது சுழலுமேயன்றி நிற்காது. அளவு சரியாக இருந்தபோதும் அவர் பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தண்டின்மேல் சுற்றி, அதன்மேல் கிளாம்பைப் பூட்டினார். வழவழப்பான குரோமியப் பூச்சின்மேல் உலோகம் வழுக்கும், ரப்பர் இடையிலிருந்தால் வழுக்காது, பூச்சும் கீறாது. போல்ட்டுகளுக்குச் சாதாரண நட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போட்டார். அதிர்வில் தானாகக் கழலாதிருக்க அது உதவும். இரண்டு பக்கத்துப் போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார்; ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் சென்றால் கிளாம்ப் கோணிக்கொள்ளும்.

எந்த இடத்தில் பொருத்துவது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு எனக்குப் பிடித்தது. தண்டின் ஓரத்தில் பொருத்தினால் ஆட்டம் அதிகம்; ஆகையால் நடுவை ஒட்டியே வைத்தார். வேகங்காட்டும் முள்ளையோ, எண்ணெய் எச்சரிக்கை விளக்கையோ அது மறைக்கலாகாது. பிரேக் கேபிளும் கிளச் கேபிளும் அதில் உரசலாகாது. பூட்டி முடித்ததும் ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். நேராக நிற்கும்போது இடமிருப்பதாகத் தோன்றுவது, முழுவதும் திரும்பும்போது டேங்கில் இடிப்பதுண்டு. சந்தில் திரும்பும் வேளையில் ஹேண்டில் பாதியிலேயே நின்றுபோனால் விழ வேண்டியதுதான். கண்ணைச் சாலையிலிருந்து சிறிதே தாழ்த்தினால் திரை தெரிய வேண்டும். தலையைக் குனிய வேண்டியிருக்கலாகாது.

ஸ்கூட்டர்களில் ஹேண்டில்பார் உறைக்குள் மறைந்திருப்பதால் கண்ணாடித் தண்டின் அடியில்தான் பொருத்த முடியும். அங்கே ஆட்டம் சற்று மிகுதி என்பதை அறிந்தே பொருத்த வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் அவர் செய்ததுதான் வியப்பு. அலமாரியிலிருந்து பழுதாகிப் போன பழைய கைப்பேசி ஒன்றை எடுத்து ஹோல்டரில் மாட்டினார். "இத வெச்சு ஒரு தடவ சாலவாக்கம் போய்ட்டு வாங்க. நின்னா உங்க போன வைங்க" என்றார். அவ்வாறே சென்று வந்தேன். இறந்துபோன அக்கருவி அசையாமல் இருந்தது. ஆனால் ஒரு போல்ட் கால் சுற்று இளகியிருந்தது. "மொதல்ல அப்படித்தான் இளகும், ரப்பர் அழுந்தும்" என்று கூறி மீண்டும் இறுக்கினார். புதிதாகப் பொருத்தியோர் முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை ஆலன் கீ கொண்டு சோதிப்பது நன்று. பிறகு, சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்கும் போதெல்லாம் ஹோல்டரை ஒருமுறை கையால் பற்றி அசைத்துப் பார்த்தாற் போதும். கைப்பேசியின் உறையிலிருந்து ஒரு கயிறு ஹேண்டிலில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அவர் விதித்த நிபந்தனை. நகங்கள் நான்கும் கைவிட்டாலும் அது தொங்கி நிற்குமேயன்றிச் சாலையில் விழாது. யாரும் லாரிக்கு முன்னே ஓட வேண்டியதில்லை.

இனி, பலரும் அறியாத ஒரு சேதி. ஹோல்டர் எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நன்றாக வண்டியின் அதிர்வும் கைப்பேசிக்குள் செல்லும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது நொடிக்கு 83 முறை அதிர்கிறது. இக்காலக் கைப்பேசிகள் பலவற்றின் காமிராவில், எடுப்பவரின் கைநடுக்கத்தை ஈடுசெய்வதற்காக, கண்ணாடி வில்லை நுண்ணிய சுருள்களாலும் காந்தங்களாலும் தாங்கப்பட்டு மிதந்தாற்போல் நிற்கும். மணிக்கணக்கில் அந்த அதிர்வு தாக்கினால் அந்த நுண்ணமைப்பு கெடும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதைக் குறித்து ஓர் அறிவுரை வெளியிட்டது. ஆற்றல் மிக்க எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிளின் சட்டத்திலோ ஹேண்டில்பாரிலோ ஐபோனை நேரடியாகப் பொருத்த வேண்டா என்றும், மொபெட் ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளிற்கூட அதிர்வைத் தணிக்கும் ஹோல்டரில் வைத்து, நெடுநேரம் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறும் அது கூறியது.

இதில் நம் மாவட்டத்திற்கு ஒரு விசித்திரமான பங்குண்டு. ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. 2017-இல் வல்லம் வடகாலில் அந்நிறுவனத்தின் மற்றோர் ஆலையும் எழுந்தது. கைப்பேசித் தொழில் 2006-இல் நோக்கியாவோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, 2014-இல் அந்த ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலையிழக்கச் செய்து, பின்னர் வேறு நிறுவனங்களின் வழியாக மீண்டது. இன்று சுங்குவார்சத்திரத்தருகே பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. அதிரும் வண்டியும் அதிர்வு தாங்காத கைப்பேசியும் ஒரே மாவட்டத்துக் கைகளால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தொலைவில், உருவாகின்றன! உத்திரமேரூர்க் கிராமங்களிலிருந்து ஒரு வீட்டில் மகன் வண்டி ஆலைக்கும் மகள் கைப்பேசி ஆலைக்கும் நிறுவனப் பேருந்துகளில் செல்வது இங்கே புதுமையன்று.

ஆகவே பெரிய வண்டி வைத்திருப்போர் ரப்பர் அல்லது சிலிக்கோன் குமிழ்கள் இடையிட்ட அதிர்வுதணிப்பானைச் சேர்த்துப் பொருத்துவது அவசியம். விலையுயர்ந்த கைப்பேசியாயின் அதைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சாதாரணக் கைப்பேசியை வண்டிக்கென ஒதுக்குவது அதனினும் நன்று. ராயல் என்பீல்டு நிறுவனம் 2020-இல் தன் மீட்டியார் வண்டியில் ஒரு சிறு வட்டத் திரையை அமைத்தது. கைப்பேசி பையில் இருக்க, அம்புக்குறி மட்டும் அதில் தோன்றும். வழிகாட்டுதற்கு அம்புக்குறி போதும் அன்றோ? வண்டியோட்டிக்கு முழுப் படமும் எதற்கு?

அன்று மதூர்ப் பக்கம் செல்லுகையில் வெயில் ஏறிவிட்டது. கைப்பேசிகளை 35 டிகிரி வெப்பம் வரையிலேயே பயன்படுத்துமாறு ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் கூறுகின்றன. நம் அக்கினி நட்சத்திர வெயிலோ 40 டிகிரியைத் தாண்டும். நேர்வெயிலில் திரை மங்கி, பிறகு கருவி தானே அணைந்துவிடும். அவ்வேளையில் சார்ஜும் ஏற்றிக்கொண்டிருந்தால் சூடு இரட்டிக்கும். வண்டியின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சார்ஜர் இணைப்போர், சாவியை அணைத்ததும் மின்சாரம் நிற்கும்படியாகவும், இடையில் ஒரு பியூஸ் வைத்தும் இணைக்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் காலையில் வண்டி உறங்கிக் கிடக்கும். மோசமாயின் கம்பி புகையும்.

மழைக்காலத்தின் தொல்லை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் திரையின் மேல் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகி, கருவி தான் நினைத்த பக்கமெல்லாம் திறக்கும். பிளாஸ்டிக் பையிலிட்டால் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. நீர் புகாது என்று விளம்பரத்திற் காணும் உறுதி, அசையா நன்னீரில் குறித்த ஆழத்தில் குறித்த நேரம் வைத்துச் சோதித்ததேயாகும். விரைந்து செல்லும் வண்டியில் எதிரடிக்கும் மழைக்கு அது உறுதிச்சீட்டன்று. மழையென்றால் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, குரலை மட்டும் கேட்டுச் செல்வதே முறை. வரைபடத்தைப் புறப்படுமுன்னரே கருவியில் இறக்கி வைத்துக்கொண்டால், அலைவரிசை கிடைக்காத இடங்களிலும் அது வழி சொல்லும்.

சாலவாக்கம் தாண்டி ஓரிடத்தில் கருவி என்னை இடப்புறம் திரும்பச் சொல்லிற்று. நெடுஞ்சாலையை விட மூன்று கிலோமீட்டர் குறைவாம். அங்கே நின்று பார்த்தேன். அது ஓர் ஏரிக்கரை. மேலே நடைபாதையளவு இடம். ஒருபுறம் நீர், மறுபுறம் வயல். செங்கற்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பேர்போனது. உத்திரமேரூரிலேயே பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் இன்றும் நீர் தாங்கி நிற்கிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் கரையும் சாலைபோலவே ஒரு கோடாகத் தோன்றும். அதன் நடுவே கலிங்கு உண்டென்பதும், மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் படத்தில் இல்லை. வயலில் களையெடுத்த ஓர் அம்மாளிடம் கேட்டேன். "டிராக்டரே போவாதுங்க, நீங்க எங்க போறது? மெயின் ரோட்டுலயே போங்க" என்றார். அவ்வாறே போனேன். கருவியும் சற்று முணுமுணுத்துவிட்டு, புது வழி கணித்துக்கொண்டு என்னோடு வந்தது.

திருமுக்கூடலை அடைந்தபோது பிற்பகல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். ஆண்டிற் பெரும்பகுதி மூன்றும் மணலாகவே கூடுகின்றன. கரையிலுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்றுண்டு. அங்கே ஒரு கல்விச்சாலையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையும் நடந்தன என்றும், மருத்துவர்க்கும் அறுவை செய்வார்க்கும் பணிப்பெண்டிர்க்கும் இவ்வளவு நெல் என்றும் அது கூறுகிறது. சாலையில் அடிபட்டோரை இன்று செங்கற்பட்டிற்கும் காஞ்சிபுரத்திற்கும் கொண்டு ஓடுகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றங்கரையிலேயே படுக்கை இருந்தது. ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் பழைய சீவரத்துக் குன்று. பாலத்தின்மேல் சென்னையிலிருந்து வந்த இளைஞர் குழுவொன்று, எல்லா வண்டிகளிலும் கைப்பேசி ஒளிர, மணலைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுள் ஒருவருடைய கைப்பேசிக் காமிரா தெளிவாக எடுக்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. என்ன வண்டி என்று கேட்டேன், 500 சி.சி. என்றார். அதிர்வுதணிப்பான் உண்டா என்று கேட்டேன்; "அப்படின்னா என்னங்க சார்?" என்றார். கோயில் நிழலில் உட்கார்ந்து நான் மேலே எழுதியவற்றை அவருக்குச் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக மற்றவரும் வந்து தத்தம் ஹோல்டரை அசைத்துப் பார்த்தனர். மூன்று இளகியிருந்தன. ஆலன் கீ என்னிடம் இருந்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. இரவில் திரையின் ஒளியை முழுதும் தாழ்த்தாவிடில் அது கண்ணைக் கூசச் செய்து, முன்விளக்கின் வெளிச்சத்தில் தெரியும் குழியையும் தெரியாமலாக்கும். பூச்சிகளும் முகத்தை நோக்கிப் படையெடுக்கும். ஆதலால் திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டேன். இக்கருவி தமிழ் பேசுகிறது. ஆனால் இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களை அது உச்சரிக்கும் விதம் எந்த நாட்டு வழக்கென்று தெரியவில்லை. அரும்புலியூரை அது மூன்று துண்டாக வெட்டிச் சொன்னபோது, தலைக்கவசத்திற்குள் நான் ஒருவனே சிரித்துக்கொண்டு வந்தேன்.